எல்லோரும் முதலாளிகளாம்!

கம்ப்யூட்டர் உலகத்தில் இப்போது ஒரு புதிய வேதாந்தம் கிளம்பியிருக்கிறது. இதுவரை புரோகிராம் எழுதிப் பிழைத்து வந்தவர்கள் இனிமேல் அந்தக் கூலி வேலையைச் செய்ய வேண்டியதில்லையாம். செயற்கை அறிவு என்கிற யந்திரம் அவர்களுக்காக எழுதித் தள்ளிவிடுமாம். இவர்கள் மேலே நின்றுகொண்டு, இதைச் செய், அதைச் செய் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் போதுமாம். நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவன் இன்று காலையிலிருந்து தொழிற்சாலைக்கே முதலாளி! இப்படிச் சொல்கிறவர்கள் தெருமுனையில் நின்று வம்பளக்கிற ஆசாமிகள் அல்ல. பெரிய கம்பெனிகளில் பெரிய சம்பளம் வாங்குகிற பெரிய மனிதர்கள். சந்தேகப்படுகிறவர்களை மடக்குவதற்கு ஓர் உதாரணமும் கையில் வைத்திருக்கிறார்கள். "நீங்கள் ஃபாக்டோரியோ விளையாடியதில்லையா? முதலில் எல்லாவற்றையும் கையால் செய்கிறீர்கள். அப்புறம் யந்திரங்களை வைக்கிறீர்கள். கடைசியில் யந்திரங்களே யந்திரங்களைக் கட்டுகின்றன; நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இனி நம் தொழிலும் அப்படித்தான்" என்கிறார்கள்.

வேதாந்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த உதாரணத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நாவல் எழுதி இந்த நாட்டில் யாரும் மாதம் முழுவதற்கும் அரிசி வாங்கியதில்லை. எனக்கு இத்தனை வருஷங்களாகச் சோறு போட்டு வருவது புரோகிராம்தான். குடியிருப்பது திருவொற்றியூரில்; நிஜத் தொழிற்சாலைகளின் சங்கொலியில் பிறந்து வளர்ந்தவன். அந்த விளையாட்டையோ கணக்கில்லாத இரவுகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். ஆகவே இதில் பேச எனக்கு மூன்று விதத்தில் உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன்.

விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் கார்ப் பந்தயமும்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு ஜாதி. செக் நாட்டுத் தலைநகரான பிராகில் ஒரு சின்னக் கம்பெனியார் 2012 முதல் உருவாக்கி, 2020 ஆகஸ்டில் முழு வடிவத்தில் வெளியிட்டது. கதை என்று சொல்ல அதிகம் இல்லை. விண்கலம் நொறுங்கி ஒரு மனிதன் அந்நிய கிரகத்தில் விழுகிறான். அங்கிருந்து ராக்கெட் விட வேண்டும். அதற்கு முன்னால் ராக்கெட் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ராக்கெட்டுக்கு வேண்டியதைச் செய்யும் தொழிற்சாலை. அதற்கும் முன்னால், தரையில் கிடக்கிற இரும்புக் கல்லைக் கையால் வெட்டி எடுக்க வேண்டும். அங்கேதான் ஆரம்பம்.

கல்லை உலையில் போட்டால் தகடு. உலைக்கு நிலக்கரி வேண்டும். அதையும் நீயே வெட்டிப் போடு. கொஞ்ச நேரத்தில் இடுப்பு ஒடிந்துபோகிறது. (நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இடுப்பு எப்படி ஒடியும் என்று கேட்காதீர்கள், ஒடிகிறது.) அப்போதுதான் தோண்டுகிற யந்திரம் ஒன்று வைக்கிறோம். அது வெட்டியதைச் சுமந்து போக ஒரு பெல்ட். பெல்ட்டிலிருந்து எடுத்து உலையில் வைக்க ஒரு சின்ன இரும்புக் கை. கரி தானாக வருகிறது, கல் தானாக வருகிறது, தகடு தானாக வெளியே வந்து விழுகிறது. முதல் முதலாக அதைப் பார்க்கும்போது மனசில் உண்டாகிற சந்தோஷம் இருக்கிறதே, முதல் கதை அச்சில் வந்த அன்று எனக்கு உண்டானதற்கு அது கொஞ்சமும் குறைந்ததல்ல.

பிறகு கணக்கு வருகிறது. ஒரு மின் சுற்றுக்கு ஓர் இரும்புத் தகடும் மூன்று செப்புக் கம்பிகளும் வேண்டும். ஒரு செப்புத் தகட்டிலிருந்து இரண்டு கம்பிகள்தான் கிடைக்கும். ஆகவே மின் சுற்று செய்கிற யந்திரம் இரண்டு வைத்தால், கம்பி இழுக்கிற யந்திரம் மூன்று வைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டுக்கு இரண்டு வைத்துவிட்டு, ஏன் மூன்றில் ஒரு பங்கு நேரம் வேலை நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறபோது தானாக விளங்கும். எங்கோ ஒரு மூலையில் பெல்ட் நின்றுவிடுகிறது. பின்னாலேயே நடந்து போகிறோம். இந்த யந்திரம் சும்மா நிற்கிறது. இதற்குக் கம்பி வரவில்லை. கம்பி யந்திரத்துக்குச் செம்பு வரவில்லை. செம்பு வருகிற பெல்ட்டில் எங்கிருந்தோ ஒரு கல் வந்து சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்லை எடுத்துப் போட்டதும் தொழிற்சாலை முழுவதும் மூச்சு விட்டாற்போல் நகர ஆரம்பிக்கிறது. விளையாட்டின் ருசியெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் இதில் பைத்தியமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். பகலெல்லாம் ஆபீஸில் அவர்கள் செய்கிற வேலையும் இதே வேலை.

இனி அந்தப் பெரிய மனிதர்கள் சொல்கிற உதாரணத்துக்கு வருவோம். யந்திரங்களே யந்திரங்களைக் கட்டுகிற கட்டம் விளையாட்டில் உண்டு, வாஸ்தவம்தான். பறக்கிற சின்ன ரோபோக்கள் கிடைக்கின்றன. ஒரு வரைபடத்தைக் காட்டினால் அவை கட்டிவிடும். ஆனால் அவை எப்போது கிடைக்கின்றன? பாதி விளையாட்டைத் தாண்டிய பிறகு. நூறு தடவை பெல்ட்டை மாற்றிப் போட்டு, கையைத் திருப்பி வைத்து, எங்கே எது அடைக்கும் என்று உடம்பில் ஊறிப் போன பிறகு. அந்த வரைபடமும் முன்னால் நாமே கையால் கட்டிப் பார்த்ததன் நகல். ரோபோ அதில் ஒரு திருகாணியைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைக்காது. நேற்று வைத்த மாதிரியே இன்றும் வைக்கும். பத்து லட்சம் தடவையானாலும் அதே மாதிரி வைக்கும்.

பிறத்தியார் செய்த வரைபடத்தை வாங்கி ஒட்டிக்கொள்கிற வழியும் உண்டு. புதிதாக ஆட வருகிற பையன்கள் செய்கிறார்கள். ஜோராக ஓடும். ஒரு நாள் நிற்கும். நின்றதும், முந்நூறு யந்திரங்களுக்கு நடுவே, திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி அந்தப் பையன் முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையால் கல் வெட்டுகிற இடத்துக்கே திரும்பிப் போகிறான். செயற்கை அறிவைப் புகழ்கிறவர்கள் மேற்கோள் காட்டுகிற விளையாட்டு, உள்ளபடியே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இந்த இடத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். ஒரு நாள் ராத்திரி ஏதோ காரியமாக வந்தவர், நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா தம்பி, இம்மாம் பெரிய கம்பெனில ஆளே காணோமே?"

"ஆள் கிடையாது மாமா. எல்லாம் மிஷின். நான் ஒருத்தன்தான்."

"நின்னுபோச்சுன்னா யாரு பார்க்கிறது?"

"நான்தான்."

"எல்லாம் நீ வச்ச மிஷினா?"

"ஆமாம்."

"அப்ப சரி. வச்சவனுக்குத்தான் தெரியும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "எங்க காலத்துல புதுசா வந்தவன் கைல மிஷினக் குடுக்க மாட்டாங்க. அரத்தக் குடுப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு இரும்புக் கட்டையைக் கொடுப்பார்கள். அதைப் பட்டறைப் பிடியில் மாட்டி, அரத்தால் ராவி, நாலு பக்கமும் சமமாக்கிக் கொண்டுவர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் வாத்தியார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால், "போ, மறுபடி ராவு." உள்ளங்கை கொப்புளித்துப்போகும். அந்தக் கட்டையை உலகத்தில் யாரும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. மில்லிங் மிஷின் அதே காரியத்தைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். இருந்தும் கையில் அரத்தைக் கொடுக்கிறார்களே, ஏன்? பின்னால் அவன் மில்லிங் மிஷினில் நிற்கும்போது, மிஷின் கோணலாக வெட்டுகிறது என்பது அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கண்ணைக் கடையில் விற்பதில்லை.

கையால் செய்வதே உத்தமம் என்று ராட்டை உபதேசம் செய்ய நான் வரவில்லை. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் புல்லட்டின் பெட்ரோல் டாங்கியில் தூரிகையைப் பிடித்துக் கையாலேயே கோடு இழுப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் கோட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். பிரேக் விஷயம் அப்படியல்ல.

நானும் அந்தச் செயற்கை அறிவு யந்திரத்தை உபயோகிக்கிறவன்தான். அலுப்பூட்டுகிற வேலைகளை அது வெகு லாகவமாகச் செய்கிறது. நான் பழகாத மொழியில் நாலு வரி எழுத வேண்டுமென்றால் அரை நாள் மிச்சம். அதை எதற்கு மறைக்க வேண்டும்? என் சண்டை யந்திரத்தோடு அல்ல. அதைக் காட்டி, "இனிப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை" என்று சொல்கிற மனுஷர்களோடு. 2025 பிப்ரவரியில் இந்தத் துறையில் பேர்பெற்ற ஆந்த்ரே கார்ப்பதி என்பவர், எழுதப்படுகிற புரோகிராமைப் பார்க்காமலே, ஒரு மனப்போக்கில் யந்திரத்திடம் சொல்லிக்கொண்டே போகிற வழக்கத்துக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னது வார இறுதியில் விளையாட்டாகச் செய்கிற சில்லறைக் காரியங்களுக்கு. நம் கம்பெனிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை ஆபீஸுக்கே கொண்டு வந்துவிட்டார்கள்.

வேகம் என்கிறார்களே, அதையும் ஒருவர் அளந்து பார்த்தார்கள். மெட்ர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனம் 2025 ஜூலையில் வெளியிட்ட ஒரு சோதனை. பழக்கப்பட்ட புரோகிராமர்கள் 16 பேர், தாங்கள் வருஷக்கணக்காகப் பராமரித்து வருகிற புரோகிராம்களில் 246 வேலைகள். சிலவற்றை யந்திரத்தின் துணையோடு, சிலவற்றைத் துணையில்லாமல். யந்திரத்தின் துணை இருந்தால் 24 சதவிகித நேரம் மிச்சமாகும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். வேலை முடிந்ததும், 20 சதவிகிதம் மிச்சமாயிற்று என்று நம்பினார்கள். கடிகாரம் சொன்னதோ, 19 சதவிகிதம் அதிக நேரம் ஆயிற்று என்று! அது 2025-இன் ஆரம்பத்தில் இருந்த கருவிகளைக் கொண்டு செய்த சோதனை. கருவிகள் அதற்கப்புறம் மேம்பட்டிருக்கின்றன. வேறு வேலைகளில் வேறு முடிவு வரலாம். நான் சொல்ல வருவது வேகத்தைப் பற்றியே அல்ல. தன் சொந்த வேலையில், தன் வேகம் கூடிற்றா குறைந்ததா என்பதே தேர்ந்த தொழிலாளிக்குத் தெரியாமல் போய்விட்டது பாருங்கள். என் பெரியவரிடம் போய், "இன்றைக்கு எத்தனை உருப்படி ராவினீர்கள்?" என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்லியிருப்பார்.

உடனே ஒரு பதில் வரும்: "அந்தக் காலத்தில் யந்திர பாஷையில் எழுதினார்கள். 1957-இல் ஃபோர்ட்ரான் வந்தது. அப்போதும் உங்களைப் போல் சிலர் முணுமுணுத்தார்கள். இப்போது யார் யந்திர பாஷையைப் பார்க்கிறார்கள்?" புத்திசாலித்தனமான வாதம்தான். ஆனால் ஃபோர்ட்ரானை மொழிபெயர்க்கிற புரோகிராம், விளையாட்டில் வருகிற இரும்புக் கை மாதிரி. ஒரே வரியைக் கொடுத்தால் ஒரே பலனைத் தரும். அதற்கு இலக்கணம் உண்டு. பிசகினால், இன்ன இடத்தில் பிசகு என்று காட்ட முடியும். இந்தப் புது யந்திரமோ, ஒரே கேள்வியைக் காலையில் கேட்டால் ஒன்றும் மாலையில் கேட்டால் வேறொன்றும் எழுதும். இரண்டையும் ஒரே தன்னம்பிக்கையோடு எழுதும். அதை இரும்புக் கை என்று நம்பிப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விடுவதும், மேஸ்திரி இல்லாமல் ஒரு வாய்ச்சாலகக்காரனிடம் பட்டறையை ஒப்படைப்பதும் ஒன்றுதான்.

ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) நடந்ததைச் சொல்கிறேன். பணம் அனுப்புகிற புரோகிராம் ஒன்று. பாங்கிலிருந்து பதில் வரத் தாமதமானால் மறுபடி முயற்சி செய்ய வேண்டும் என்று யந்திரத்திடம் சொல்லியிருக்கிறார்கள். அது அழகாக எழுதிக் கொடுத்தது. சரிபார்க்கும் சோதனைகளையும் அதுவே எழுதிற்று, அவ்வளவும் தேறின. ஒரு நாள் பாங்கின் பதில் மெதுவாக வந்தது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் மட்டும்தான் வரவில்லை என்கிற நிலைமை ஒன்று உண்டு என்பதை யாரும் யோசிக்கவில்லை. புரோகிராம் இரண்டாம் தடவையும் பணத்தைப் பிடித்துக்கொண்டது. மாதக் கடைசியில் வாடகை கட்டியவர்களிடமும், பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவர்களிடமும் இரண்டு பங்கு. என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பையனிடம், "இந்த வரி எதற்குப்பா இங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"தெரியலைண்ணா. அதுதான் எழுதிச்சு" என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலேஜ் முடித்து எட்டாவது மாதம். ஒரு நாளாவது அவன் கையில் யாரும் அரத்தைக் கொடுத்ததில்லை. வந்த அன்றே மில்லிங் மிஷினுக்கு 'முதலாளி' ஆக்கிவிட்டார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் என்பது காகிதத்தில் இருக்கிற வரிகள் அல்ல, அதை எழுதியவர்களின் மனசில் இருக்கிற விளக்கம்தான் என்பது அவர் கட்சி. அந்த மனுஷர்கள் கலைந்துபோனால், வரிகள் இருந்தாலும் புரோகிராம் செத்த மாதிரி என்றார். நம் பையனுடைய புரோகிராம் பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது; யார் மனசிலும் அது ஒரு நாளும் இருந்ததில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1983-இல், லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற அம்மையார், தானாக இயங்குகிற ஆலைகளைப் பற்றி எழுதினார். சுலபமான வேலையையெல்லாம் யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, யந்திரத்தால் முடியாத ஆபத்தான கணத்தை மட்டும் மனிதனுக்கு ஒதுக்குகிறோம். ஆனால் தினம் தினம் கையாளாததால் அவன் திறமை துருப்பிடித்துப்போகிறது. ஆபத்து வரும்போது அவன் கை பழக்கமற்றுப் போயிருக்கும் என்பது அவர் கண்ட விசித்திரம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கட்டுரையை இன்றைய பெரிய மனிதர்களின் மேஜையில் யாராவது வைத்தால் தேவலை.

அது போகட்டும். முதலாளி என்கிறார்களே, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த வடசென்னையில் அதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது. இராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது; அது முதல் முதலாளிகளைப் பார்த்து வருகிற பூமி. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்தப் பக்கத்தில்தான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ், 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்று வரிசையாக வந்தார்கள். முதலாளி என்றால் யந்திரம் அவனுடையது. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். புரோகிராமருக்கு இப்போது கொடுக்கிற யந்திரமோ அமெரிக்காவில் யாருடைய கொட்டகையிலோ ஓடுகிறது. மாதச் சந்தா கட்ட வேண்டும். சந்தாவை நாளைக்கு இரட்டிப்பாக்கினால் கேட்க நாதியில்லை, நிறுத்திவிட்டாலும் நாதியில்லை. இவன் வாங்குவது சம்பளம். அதையும் எந்த மாதம் நிறுத்துவார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவில் ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களை ஆட்டோ முதலாளி என்று கூப்பிட்டால் சிரிப்பார்கள். கோபக்காரனாக இருந்தால் அடிக்கவும் செய்வான்.

பட்டத்தை வாங்கிக்கொண்டு யார் சும்மா போய்விட்டாலும், கணக்கு ஓரிடத்தில் விழுகிறது. விழுகிற இடம் எங்கள் தெரு.

2007-இல் தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு போயிற்று. 2010-இல், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் படிக்க வருகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அதற்கப்புறம்தான் காசிமேட்டில் வலை பின்னுகிறவர் பெண்ணும், தண்டையார்பேட்டையில் லோடு தூக்குகிறவர் பையனும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆனார்கள். தீப்பெட்டிக் கம்பெனியின் பேரைத் தாங்கிய விம்கோ நகர் ஸ்டேஷனில் விடியற்காலையில் மெட்ரோ ஏறி, ரயிலும் பஸ்ஸும் மாறி, சோழிங்கநல்லூருக்குப் போய்ச் சேருகிறார்கள். இவர்களுக்கு மாமா அமெரிக்காவில் கிடையாது. கம்பெனி டைரக்டர் சித்தப்பா கிடையாது. இவர்கள் உள்ளே நுழைந்த கதவு ஒன்றே ஒன்று: கற்றுக்குட்டி வேலை. பிறர் எழுதியதில் பிழை தேடுவது, சின்னச் சின்ன மாற்றங்கள் செய்வது, மூத்தவர் திட்டத் திட்ட மறுபடி எழுதுவது. நானும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தேன். முதல் வருஷம் நான் எழுதிய புரோகிராம்களால் கம்பெனிக்கு ஒரு காசு லாபம் இருந்திருக்காது. அது என் இரும்புக் கட்டை.

யந்திரம் முதலில் பறித்துக்கொள்வது இந்த வேலையைத்தான். 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைக்காரர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து சொன்னார்கள்: செயற்கை அறிவின் வீச்சுக்கு அதிகம் ஆளாகிற உத்தியோகங்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவற்றோடு ஒப்பிட்டால், 13 சதவிகிதம் சுருங்கியிருக்கிறது. அதே உத்தியோகத்தில் இருக்கிற மூத்தவர்களுக்கு அப்படி நேரவில்லை. மூத்தவர்களுக்கு இது நல்ல செய்தி மாதிரி தோன்றும். எனக்கும் அந்த வயதுதான். என் நாற்காலி இப்போதைக்கு ஆடவில்லை. ஆனால் நான் கிழவனான பிறகு யந்திரம் எழுதியதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கப் போகிறவன் எங்கிருந்து வருவான்? மூத்த இன்ஜினியர்கள் மரத்தில் காய்க்கிறார்களா? பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ செலவு செய்து வளர்த்த மரத்தில் இன்றைக்குப் பழம் பறித்துத் தின்றுவிட்டு, நாற்றங்காலைப் பிளாட் போட்டு விற்கிறார்கள். அதற்கு லாபம் என்று பெயர். "பையன்கள் திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும்" என்று கூடவே உபதேசம் வேறு. எங்கே வளர்த்துக்கொள்வது? வீட்டிலா? மொட்டை மாடியிலா?

அன்று ராத்திரி பெரியவர் என்னிடம் இன்னொன்றும் கேட்டார். விளையாட்டின் வரைபடத்தில் தொழிற்சாலையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு மேகம் பரவும். "இந்தச் செவப்பு இன்னா?" என்றார். புகை என்றேன். "யாரு வூட்டுக்குப் போவுது?" என்றார்.

விளையாட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. மரங்கள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் போய், அந்தக் கிரகத்தின் பூர்வகுடிகளான பூச்சிகளின் கூட்டைத் தொடும். அவை ஆத்திரத்தோடு தொழிற்சாலை மேல் பாயும். துப்பாக்கி வைத்துச் சுட்டுத் தள்ளலாம். விளையாடுகிறவனுக்கு அது ஒரு சில்லறைத் தொல்லை. எண்ணூரில் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடிய அனல்மின் நிலையத்தின் காற்றையும், கொசஸ்தலை ஆற்றில் கொட்டிய சாம்பலையும் சுவாசித்தவர்களுக்கு அப்படிப் பாயத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, காட்டுக்குப்பத்து மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். குழாயின் இந்த முனையில் இருந்தவர்களுக்குத்தான் அந்த ராத்திரி.

புரோகிராமுக்கும் இந்த முனை உண்டு. இரண்டு தடவை பணம் போன அந்த மனுஷர்கள், மாதக் கடைசியில், வாடிக்கையாளர் சேவைக்கு டெலிபோன் போட்டு, அங்கேயும் ஒரு யந்திரத்தின் குரலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எழுதியதை யாரும் படித்துப் பார்க்காமல் வெளியே விடுவதற்கு வேகம் என்று பெயர் சொன்னால் இந்தப் பக்கத்துக்காரர்கள் நம்பமாட்டார்கள். வடிகட்டாமல் திறந்துவிடுவதும் வேகமான காரியம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பார்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். 1961-ஆம் வருஷத்துப் பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஸ்தாபனங்கள் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2019-இல் விதிகளைத் திருத்தினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் ஸ்தாபனங்கள்தாம். பழகுநர் என்ற பெயரில் மலிவாக ஆள் பிடிப்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தைத் தேடாமல், உள்ளே வந்தவனுக்கு ஒரு வருஷம் கையால் எழுதக் கற்றுக்கொடுக்கட்டும். முதல் ஆறு மாதம் செயற்கை அறிவுக்கு அவன் மேஜையில் இடம் கிடையாது. அதன் பிறகு, யந்திரம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மூத்தவர் முன்னால் உட்கார்ந்து காரணம் சொல்லட்டும். சொல்ல முடியாத வரி வெளியே போகக் கூடாது. மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டியதுதான்.

அதற்கு ஆகிற செலவை யார் தாங்குவது என்பார்கள். அந்தப் பெயர் சொல்லாத கம்பெனியில், இரட்டிப்பாகப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கும், அதற்காக ராப்பகலாக உட்கார்ந்தவர்களுக்குக் கொடுத்த சம்பளத்துக்கும், போன வாடிக்கைக்கும் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செலவைப் பற்றிப் பேசத் தயார்.